ஆறு எண்களைச் சத்தமாகப் படிக்கவும்

என் கொழுந்தனுக்குக் காது கேட்காது. இரண்டு வயதில் வந்த காய்ச்சல் போகும்போது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதனால் பேச்சும் வரவில்லை. முப்பத்து நான்கு வயது வரை அவன் வாயிலிருந்து ஒரு முழுச் சொல் வந்து நாங்கள் யாரும் கேட்டதில்லை. அப்படிப்பட்டவனை உட்காரவைத்து, போன் திரையில் ஆறு எண்களைக் காட்டி, 'இவற்றைச் சத்தமாகப் படித்து, இது நீங்கள்தான் என்பதை உறுதிசெய்யுங்கள்' என்று ஒரு கம்பெனி கேட்டது. அந்தக் கம்பெனி எங்கே இருக்கிறது, அதற்கு வாசல் என்று ஒன்று உண்டா, அங்கே நின்று நாலு கேள்வி கேட்க முடியுமா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். நேரே போயிருப்பேன்.

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவனுக்குப் பதினான்கு வயது. காது கேளாதவர்கள் பள்ளியில், விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். படிப்பு முடிந்ததும் அண்ணனுடைய கண்ணாடிக் கடைக்கே வந்துவிட்டான். ஜன்னல் கண்ணாடி, அலமாரிக் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாம் அளவுக்கு வெட்டிக் கொடுக்கும் கடை. பில் போடுவதும் ஆட்களோடு மல்லுக்கட்டுவதும் என் வேலை. வெட்டுவது அண்ணனும் தம்பியும்.

கண்ணாடி வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் காதால்தான் வெட்டுவார்கள். கட்டரை இழுக்கும்போது 'சர்ர்' என்று ஒரே சீராகச் சத்தம் வர வேண்டும். விட்டு விட்டு வந்தால் கோடு சரியாக விழவில்லை என்று அர்த்தம். தட்டினால் கோணல்மாணலாகப் போகும். என் கொழுந்தன் இடது கையின் இரண்டு விரலைக் கண்ணாடி மேல் வைத்துக்கொண்டு வலது கையால் இழுப்பான். சத்தம் அவனுக்கு விரல் வழியாக வந்துவிடும். மாதத்தில் என் கணவர் உடைக்கிற கண்ணாடியில் பாதிகூட அவன் உடைக்க மாட்டான். இதை என் கணவர் காதுபடவே சொல்வேன். அவருக்குத்தான் காது இருக்கிறதே.

சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்த கண்ணாடிகளில் பின்னால் வருகிறவர்களை எல்லாம் பார்த்துவிடுவான். யாரும் கூப்பிடாமலே திரும்பி, 'என்ன வேண்டும்' என்று புருவத்தைத் தூக்குவான். புதிதாக வருகிறவர்கள் கொஞ்சம் திகைப்பார்கள். பிறகு விஷயம் தெரிந்ததும் அவன் முகத்துக்கு நேராக வந்து நின்று கத்துவார்கள். கேட்காதவனிடம் கத்தினால் கேட்கும் என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

எனக்குத் தெரிந்த சைகை எல்லாம் கடைச் சைகைதான். வா, போ, சாப்பிடு, மூன்று அடி, நாலு அங்குலம், இந்த ஆள் சரியில்லை. அதற்கு மேல் வேகமாகப் பேசினால் எனக்குப் பிடிபடாது. தன் பள்ளி நண்பர்கள் வந்தால் அவன் கை வேறு மாதிரி ஓடும். நான் தேநீரை வைத்துவிட்டு, ஒன்றும் புரியாமல் சிரித்துவிட்டு வருவேன்.

அவனுக்கு உலகத்தைத் திறந்துவிட்டது போன்தான், அதை நான் மறுக்கவில்லை. சமூக வலைத்தளத்தில் காது கேளாதவர்களுக்கென்று ஒரு குழு இருந்தது. ஆயிரக்கணக்கான பேர். எல்லோரும் கையால் பேசி வீடியோ போடுவார்கள். கடையில் வேலை இல்லாத நேரத்தில் போனை எதிரே சாய்த்து வைத்துக்கொண்டு அவனும் பேசுவான். அந்தக் கூட்டத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது; பார்த்தவுடன் தெரிகிற ஏதோ ஒன்றை வைத்து ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் கொடுப்பார்கள். சின்ன வயதில் கண்ணாடிச் சில்லு கிழித்த தழும்பு இருப்பதால் இவன் பெயர் புருவத்தில் இரண்டு விரல். அங்கே அவனுக்குப் பழக்கமான ஒரு பெண்ணின் பெயர் கன்னத்தில் ஒரு விரலை வைத்துத் திருகுவது. அவளுக்குக் கன்னத்தில் குழி விழும்.

இரண்டு வருடம் பேசியிருக்கிறார்கள். எனக்கு எதுவும் தெரியாது. போன மாதம் முதல் தேதி, கடையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது அவன் என் முன்னால் வந்து நின்று எல்லாவற்றையும் மெதுவாக, எனக்குப் புரியும்படி சொன்னான். அவளுக்கும் காது கேட்காது. நான்கு மணி நேர பஸ் தூரத்தில் ஒரு ஊரில், ஆயத்த ஆடை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. அவளுடைய அண்ணன் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருக்கிறார். அவளுக்கு அதில் விருப்பம் இல்லை. 'உங்க வீட்டுப் பெரியவங்க வந்து கேக்கறதா இருந்தா முப்பதாம் தேதிக்குள்ள சொல்லிடு. பதில் வரலைன்னா உனக்கு இஷ்டம் இல்லைன்னு எடுத்துக்கறேன்' என்று சொல்லியிருக்கிறாள். மாமியார் மாமனார் இல்லாத வீட்டில் பெரியவள் நான்தான்.

பார்க்கலாம் என்றேன். இரண்டு பேருக்கும் கேட்காது என்றால் கதவைத் தட்டினால் யார் திறப்பது, குழந்தை அழுதால் யார் எழுந்திருப்பது என்று எனக்குள்ளேயே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பதினைந்து நாள் போட்டேன். தினமும் காலையில் கடையைத் திறக்கும்போது அவன் என் முகத்தைப் பார்ப்பான். நான் பில் புத்தகத்தைப் பார்ப்பேன்.

பதினாறாம் தேதி மத்தியானம் என் மனம் ஒரு வழிக்கு வந்தது. அவனைக் கூப்பிட்டு, 'போய்க் கேட்கலாம். சொல்லிவிடு' என்று சைகையில் சொன்னேன். அவனுக்கு வந்த சந்தோஷத்தில் கையில் போன் இருப்பதையே மறந்துவிட்டு இரண்டு கையாலும் பேசிவிட்டான். வாயால் பேசுகிற யாருக்கும் இந்த விபத்து நடக்காது. போன் பறந்து போய் சிமெண்டுத் தரையில் விழுந்தது. மேலே அடுக்கிலிருந்து எட்டு எம்எம் கண்ணாடித் துண்டு ஒன்று சரிந்து அதன் மேலேயே விழுந்தது. இரண்டும் போயின. அவன் கவலைப்படவில்லை. சாயங்காலமே புதுப் போன் வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் கணக்குக்குள் போகப் பார்த்தான்.

அங்கே ஆரம்பித்தது. 'நீங்கள் புதிய சாதனத்திலிருந்து நுழைகிறீர்கள். உங்கள் மின்னஞ்சலுக்கு ஒரு குறியீடு அனுப்பியுள்ளோம்.' நீளமான வாக்கியம் வந்தால் அவன் போனை என்னிடம் நீட்டுவான். நீட்டினான். உனக்கு மெயில் இருக்கிறதா என்று கேட்டேன். மெயில் என்றால் என்ன என்று கேட்டான். திரையில் நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே ஒரு முகவரி தெரிந்தது. கடைசியில் இருநூற்றுப் பன்னிரண்டு என்று ஒரு எண். முன்னால் இருந்த இரண்டு எழுத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அது எங்கள் தெருவில் போன் கடை வைத்திருந்தவரின் கடைப் பெயர்.

போன் கடை இருந்த இடத்தில் இப்போது ஹெல்மெட் தொங்குகிறது. ஆள் அதே ஆள்தான்.

"அக்கா, அப்பல்லாம் யாருக்கு மெயில் இருந்துச்சு? போன் வாங்க வர்றவங்க எல்லாம் 'அது எதுக்கு, நீயே ஏதாவது போட்டுக் குடு'ன்னாங்க. நானும் கடை மெயிலையே போட்டுக் குடுத்துட்டேன்."

"எல்லாருக்குமா?"

"கடை மெயில் பேரு, நடுவுல ஒரு ப்ளஸ், அப்புறம் கஸ்டமர் நம்பர். அப்படிப் போட்டா ஒவ்வொண்ணும் தனித்தனி மெயில்னு கம்பெனிக்காரன் நம்பிடுவான். ஆனா எல்லாம் எனக்குத்தான் வந்து சேரும். தம்பி இருநூத்திப் பன்னெண்டு." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வேறு.

"சரி, அதைத் திறந்து கோடு நம்பரைச் சொல்லுங்க."

"அதான் அக்கா பிரச்சினை. பாஸ்வேர்டு மறந்துபோச்சு."

"மறந்தா மாத்தறதுக்கு ஒரு வழி இருக்கும்ல?"

"இருக்கு. பழைய கடை நம்பருக்கு மெசேஜ் வரும். அந்த நம்பரை விட்டு மூணு வருஷம் ஆச்சு. இப்ப வேற யார்கிட்டயோ இருக்கு. நேத்து இன்னொருத்தருக்காகப் போன் பண்ணிப் பார்த்தேன். ஒரு அம்மா எடுத்துத் திட்டறாங்க."

அந்த அம்மா நீடூழி வாழட்டும். தெருவில் இருக்கிற முந்நூறு பேருடைய சாவியை ஒருவர் தன் சட்டைப் பையில் போட்டு வைத்திருந்திருக்கிறார். சட்டையையும் எங்கேயோ தொலைத்துவிட்டார். ஆனால் அவர் மேல் எனக்கு வந்த கோபம் அரை நாளில் ஆறிவிட்டது. அவர் எதிரே நின்றார், திட்டினேன், தலை குனிந்தார், ஒரு நாற்காலி போட்டார். மனிதர்களிடம் இந்த வசதி இருக்கிறது.

கம்பெனியிடம் அது இல்லை. 'உதவி மையம்' என்று ஒன்றைத் திறந்தால் அங்கே மனிதர் யாரும் இல்லை. கேள்விகளும் அவர்களே, பதில்களும் அவர்களே. என் கேள்வி அந்தப் பட்டியலில் இல்லை. 'மின்னஞ்சலைப் பயன்படுத்த முடியவில்லையா' என்ற இடத்தை அழுத்தினால் 'உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிய இணைப்பை அழுத்தவும்' என்று வருகிறது. கிணற்றில் விழுந்தவனிடம் கிணற்றுக்கு வெளியே இருக்கிற கயிற்றை எடுத்துக்கொள் என்கிறார்கள். நாலாவது முறை அழுத்தியபோது, 'அச்சச்சோ, ஏதோ தவறு நடந்துவிட்டது' என்று வந்தது. நாங்கள் என்ன தாயம் விளையாடிக்கொண்டிருந்தோமா, அச்சச்சோ போடுவதற்கு?

கடைசியில் ஒரு படிவம் கிடைத்தது. எழுதி அனுப்பினேன். 'இருபத்து நான்கு மணி நேரத்தில் பதில் வரும்' என்றார்கள். மூன்று நாள் கழித்து வந்தது. முகத்தை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும், எடுக்கும்போது திரையில் தோன்றும் ஆறு எண்களைச் சத்தமாகப் படிக்க வேண்டும்.

அவன் முகத்தைக் கழுவி, தலையைச் சீவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான். எண்கள் வந்தன. ஆறு எண்ணையும் அழகாக, ஒவ்வொன்றாக, விரலால் சொன்னான். அவனுக்கு எண் சொல்லத் தெரியாதா? நாள் முழுக்க அங்குலம் சொல்கிறவன். இயந்திரம் யோசித்துவிட்டு, 'குரல் கண்டறியப்படவில்லை' என்றது. நிராகரித்துவிட்டோம், ஒரு நாள் கழித்து மறுபடி முயலுங்கள்.

மறுநாள் நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவன் வாயை அசைக்க, நான் அவனுக்காகச் சத்தமாகப் படித்தேன். 'குரலும் உதட்டசைவும் பொருந்தவில்லை. இது வேறொருவரின் கணக்கைக் கைப்பற்றும் முயற்சியாக இருக்கலாம்.' முப்பத்து இரண்டு வருடமாக அவனுக்காகப் பேசிவந்த வீட்டை ஒரு நிமிடத்தில் திருட்டுக் கூட்டம் ஆக்கிவிட்டது.

மூன்றாவது தடவை அவனே பேசுகிறேன் என்றான். பள்ளியில் சின்ன வயதில் பேசக் கற்றுக்கொடுக்கப் பார்த்திருக்கிறார்கள். வெளியே கடைத்தெருவில் அந்தக் குரலைக் கேட்டு யாரோ சிரித்ததைப் பார்த்துவிட்டு, அதோடு நிறுத்திவிட்டானாம். இப்போது என் தொண்டையில் கையை வைத்து, என் உதட்டைப் பார்த்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று இரண்டு மணி நேரம் பழகினான். கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டது. என் கணவர் பார்க்க முடியாமல் வெளியே போய் நின்றுகொண்டார். ஆறு எண்ணையும் சொன்னான். எங்களுக்குப் புரிந்தது. சத்தியமாகப் புரிந்தது. இயந்திரம் சொன்னது: 'ஒலி தெளிவாக இல்லை. அமைதியான இடத்தில் மீண்டும் முயற்சிக்கவும்.'

அமைதியான இடமாம்.

அந்த வரியை என்ன சொல்கிறது என்று அவன் கேட்டான். நெட்வொர்க் சரியில்லையாம் என்று பொய் சொன்னேன்.

பிறகு புதிதாக ஒரு கணக்குத் தொடங்கினோம், என்னுடைய மெயிலை வைத்து. அவனுடைய படத்தைப் போட்டு அந்தப் பெண்ணுக்கு நட்பு அழைப்பு அனுப்பினான். மறுநாள் காலையில் அந்தக் கணக்கே இல்லை. 'நீங்கள் வேறொரு நபரைப் போல நடிப்பதாகப் புகார் வந்துள்ளது' என்று எனக்கு மெயில். யாரைப் போல நடித்தான்? அவனைப் போலவே நடித்தான். அதற்குக்கூட அவன் போதவில்லை போலிருக்கிறது.

சுவருக்கு வண்ணம் பூசும் வேலை செய்கிற பள்ளி நண்பன் ஒருவன், தன் கணக்கிலிருந்து அவளுக்கு எழுதிப் பார்த்தான். அறிமுகம் இல்லாதவர்கள் எழுதினால் தனியாக ஒரு பெட்டியில் போய் விழுமாம். அவள் அந்தப் பக்கமே போகவில்லை. குழுவில் எல்லோர் முன்னாலும் கேட்கக் கொழுந்தன் ஒப்பவில்லை. அவளுடைய அண்ணனுக்குத் தெரிந்தால் அவளுக்குத்தான் அடி விழும் என்றான். அந்த ஊருக்கே போய்விடலாம் என்றேன். அங்கே இருபது தொழிற்சாலை இருக்கிறது, எதில் என்று அவனுக்குத் தெரியவில்லை. இரண்டு வருடம் பேசியிருக்கிறாய், அதையும் கேட்கவில்லை, போன் நம்பரும் வாங்கவில்லையா என்று திட்டினேன். படிவத்தை மறுபடியும் எழுதிப் போட்டிருந்த எனக்கு மட்டும் இருபத்து நான்கு மணி நேரத்தில் பதில் வரும் என்ற நம்பிக்கை விடவில்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்கு வந்துவிடும் என்று அவனுக்குச் சொன்னவள் நான்தான்.

முப்பதாம் தேதி வந்தது, போயிற்று. அன்றைக்கு அவன் மூன்று கண்ணாடி உடைத்தான். இடது கை விரலைக் கண்ணாடி மேல் வைக்கவே இல்லை. வைத்தால்தானே தெரியும். என் கணவர் சில்லைப் பெருக்கினார்.

மூன்றாம் தேதி நான் மறுபடியும் ஹெல்மெட் கடைக்குப் போய், வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே பிடித்துக்கொண்டேன். ஒரு பையனுடைய வாழ்க்கை உங்கள் ப்ளஸ்ஸால் போய்விட்டது என்று ஆரம்பித்து, எனக்கே ஞாபகம் இல்லாத அளவுக்குப் பேசினேன். உள்ளேயிருந்து அவருடைய மனைவி வந்தாள்.

"ஏங்க, அந்தப் பழைய கம்ப்யூட்டர்ல மெயில் எப்பவும் திறந்தே கிடக்குமே."

"அதைத்தான் எடைக்குப் போட்டாச்சே."

"எங்க போட்டீங்க? உங்க தங்கச்சி வீட்டுப் பரண்ல கிடக்கு. போன தடவை போனப்ப அது மேலதான் சூட்கேஸை வச்சிருந்தா."

கொழுந்தனையும் ஏற்றிக்கொண்டு நான்கு பேரும் ஒரே ஆட்டோவில் போனோம். சூட்கேஸை இறக்கி, தூசி தட்டி, இணைய வசதிக்குத் தங்கையின் போனைப் பக்கத்தில் வைத்து, அந்தக் கிழட்டுப் பெட்டியை எழுப்பினால், மெயில் திறந்தே இருந்தது. படிக்காத கடிதம் பதினோராயிரம். எங்கள் தெருவே அங்கே வரிசையாகக் கிடந்தது. தையற்காரருக்கு வந்த எச்சரிக்கை, மருந்துக் கடைப் பெண்ணுக்கு வந்த குறியீடு, செத்துப்போன ஒருவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து. கொழுந்தன் போனில் 'குறியீடு அனுப்பு' என்பதை அழுத்தினான். மேலே புதிதாக ஒரு வரி விழுந்தது. ஆறு எண். தட்டினான். திறந்துவிட்டது. எண்ணிப் பார்த்தால் அரை நிமிடம்கூட ஆகவில்லை. பதினேழு நாளாக எங்கள் முகம், குரல், மானம் எல்லாவற்றையும் கேட்டவர்கள் இந்த ஆறு எண்ணைப் பார்த்ததும் 'மீண்டும் வருக' என்றார்கள்.

அவளிடமிருந்து வந்த வீடியோக்கள் அங்கேயே இருந்தன. பரணுக்குக் கீழே, ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். எனக்குப் புரியாத இடத்தில் நிறுத்திச் சொன்னான். பதினெட்டாம் தேதி: 'அண்ணி என்ன சொன்னாங்க?' இருபதாம் தேதி: 'உடம்பு சரியில்லையா?' இருபத்தைந்தாம் தேதி அவள் கொஞ்சம் பரபரப்பாக இருந்தாள்: 'உன் போட்டோவை வச்சு எவனோ புதுசா கணக்கு ஆரம்பிச்சு எனக்கு அழைப்பு அனுப்பறான். நான் உடனே புகார் குடுத்துட்டேன். நீ கவலைப்படாதே.'

அவன் போனை மடியில் வைத்துவிட்டான். காது கேளாதவர்களின் படத்தை எடுத்துப் போலிக் கணக்கு தொடங்கி ஏமாற்றுகிறவர்கள் நிறைய என்பதால், புதுக் கணக்கு எது வந்தாலும் நம்பாதே, புகார் கொடு என்று அவளுக்குச் சொல்லிவைத்தவனே அவன்தானாம். அவள் அவனைக் காப்பாற்றியிருக்கிறாள்.

ஒன்றாம் தேதி வந்ததுதான் கடைசி. பத்து விநாடிகூட இல்லை. 'இல்லைன்னா இல்லைன்னு சொல்லியிருக்கலாம். நான் தாங்கியிருப்பேன்.' அதன் பிறகு அவளுடைய பக்கம் திறக்கவில்லை. இவனை ஒதுக்கி வைத்துவிட்டாள். இவன் எழுதினால் போகாது. உள்ளே வந்தும் வெளியேதான் நின்றான்.

நான் அந்தக் கடைசி வீடியோவை மறுபடி போடச் சொன்னேன். சைகை புரியாதவளுக்குக் கண் கையில் நிற்காது, அங்கே இங்கே அலையும். அவள் கழுத்தில் ஒரு அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. நூற்கண்டு படம், அதன் கீழே பெரிய எழுத்தில் கம்பெனிப் பெயர். நிறுத்திக் காட்டினேன். பழைய வீடியோக்களிலும் பாதியில் அது இருந்தது. இரண்டு வருடமாக இதைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். அவன் வெட்கத்தோடு சொன்னான், கையையும் முகத்தையும்தான் பார்த்தானாம்.

மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறினோம். வழியெல்லாம் எனக்குச் சைகை சொல்லிக்கொடுத்தான். அண்ணி, கேட்க, கல்யாணம், தாமதம். என் விரல் பாட்டுக்கு வேறு எங்கேயோ போயிற்று. முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

தொழிற்சாலை வாசலில் காவலாளி மறித்தார்.

"யாரைப் பார்க்கணும்?"

"இங்க வேலை பார்க்கற ஒரு பொண்ணை."

"பேரு?"

சைகைப் பெயர் தவிர எங்களுக்குத் தெரிந்தது கணக்கில் அவள் வைத்திருந்த பெயர்தான். அது நீலப் பட்டாம்பூச்சி. அதைச் சொன்னேன்.

"அப்படி யாரும் இங்க இல்லம்மா."

கன்னத்தில் விரலை வைத்துத் திருகிக் காட்டினேன். அவர் சிரித்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"இதுல சிரிக்க என்ன இருக்கு? காது கேக்காத பொண்ணு. கன்னத்துல குழி விழும்."

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

போன மாதம் பதினாறாம் தேதி வரை நான் அவளுக்கு ஒன்றும் வேண்டியதில்லை என்றுதான் இருந்தேன். எதிர்ப்புறம் போய்ச் சாயங்காலம் வரை நின்றோம். ஐந்தரைக்குச் சங்கு ஊதியது. ஒரே நிற மேலங்கியில் முந்நூறு பெண்கள் வெளியே வந்தார்கள். எனக்கு எல்லோரும் ஒன்றுபோல் இருந்தார்கள். கொழுந்தன் சாலையோரக் கட்டையின் மேல் ஏறி, தலைக்கு மேலே கையைத் தூக்கிப் பேச ஆரம்பித்தான். கூட்டத்தின் நடுவில் ஒருத்தி நின்றாள்.

நின்றாள், பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டாள்.

கையால் பேசுகிறவர்களிடம் அதற்கு மேல் ஒரு அவமானம் கிடையாது. நாம் கதவை முகத்தில் சாத்துவதும், போனை வைப்பதும், காதைப் பொத்திக்கொள்வதும் எல்லாம் சேர்ந்த ஒன்று அது. என் கொழுந்தனின் கை அந்தரத்திலேயே நின்றது. யாரிடம் பேசுவான்? பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவள் போகவும் இல்லை, கண்ணைத் திறக்கவும் இல்லை.

நான் சாலையைக் கடந்து போனேன். அத்தனை நாளாக ஊரையே கூட்டிய என் வாயை வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் செய்ய முடியவில்லை. அவள் தோளைத் தொட்டேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். யாரோ ஒரு நடுவயதுப் பெண்மணி என்று நினைத்திருப்பாள். நான் பஸ்ஸில் படித்ததை அவசர அவசரமாகச் சொன்னேன். அண்ணி. நான். கேட்க வந்தேன். தாமதம். பிறகு கம்பெனியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். போன் உடைந்தது, மெயில், கோடு, வீடியோ. பாதிக்குச் சைகை தெரியவில்லை. அதற்குள் கொழுந்தன் வந்து சேர்ந்து, நான் விட்டதை எல்லாம் சொன்னான். புகார் கொடுத்தது அவள்தான் என்பதைச் சொன்னபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் பார்த்தாள். அவனை விட்டுவிட்டு என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். வேகமாக இருந்தது. அவனிடம் திரும்பினேன். அவன் சொல்லத் தயங்கினான். நான் விடவில்லை.

'போன் உடைஞ்சது பதினாறாம் தேதி. நான் கேட்டது ஒண்ணாம் தேதி. நடுவுல பதினஞ்சு நாள் என்ன ஆச்சு' என்று அவள் கேட்பதாகச் சொன்னான்.

நான் பயந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அதற்குச் சைகை தெரியவில்லை. நெஞ்சில் கையை வைத்துக் கொஞ்சம் பின்னால் போனேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

பிறகு மெதுவாக, எனக்காகவே ஒவ்வொரு சைகையாகச் சொன்னாள். இந்தத் தடவை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். அதற்கு முன்னால் நீங்கள் வீட்டுக்கு வந்து அண்ணனைப் பார்க்க வேண்டும். ஏன் இவ்வளவு தாமதம் என்று அண்ணன் கேட்பார். முதலில் அந்தப் பதினைந்து நாளைச் சொல்லுங்கள். கம்பெனியைப் பிறகு திட்டலாம்.